நான்கு மணி நேர ஸ்கேன்: இரைப்பை மந்தத்தை அளக்கும் பரிசோதனையும் இரண்டு மையங்களும்

சாப்பிட்ட உணவு இரைப்பையிலிருந்து எவ்வளவு நேரத்தில் வெளியேறுகிறது என்று அளந்து சொல்லும் ஸ்கேனை நான் இதுவரை மூன்று முறை செய்துகொண்டிருக்கிறேன். முதல் முறை ஒரு மையத்தில், அடுத்த இரு முறையும் கோவையிலுள்ள மற்றொரு மையத்தில். முதல் மையத்தில் கொடுத்த பணமும் அதன் அறிக்கையை நம்பி நான் கழித்த ஓராண்டும் வீண். இரண்டாம் மையத்தைச் சில குறைகள் இருந்தும் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரண்டின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. நல்ல மையம் எது என்பதை முன்பதிவுக்காகத் தொலைபேசியில் பேசும்போதே மூன்று நான்கு கேள்விகளில் எவரும் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், அந்தக் கேள்விகள் எனக்கு எப்படிக் கிடைத்தன என்பதைச் சொல்கிறேன்.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்த சமயத்தில்தான் வயிறு தகராறு செய்யத் தொடங்கியது. இரண்டு இட்லி சாப்பிட்டவுடன் விருந்து உண்டதைப் போல வயிறு நிரம்பிவிடும். மதியம் சாப்பிட்ட சாம்பாரின் வாசனை இரவு ஒன்பது மணிக்கு ஏப்பத்தில் வரும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள், சாப்பிட்டு ஐந்து ஆறு மணி நேரம் கழித்து, வாயில் போட்டபோது இருந்த உருவம் அதிகம் மாறாமலேயே உணவு வாந்தியாக வெளியே வரும். இவற்றைவிட என்னைப் பயமுறுத்தியது சர்க்கரை அளவுதான். காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு இன்சுலின் போட்டுக்கொண்டு பள்ளிக்குச் சென்றால், பத்தரை மணி வகுப்பில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டும். பிற்பகல் மூன்று மணிக்குக் குத்திப் பார்த்தால் 280 இருக்கும். உணவு இரைப்பையிலேயே தங்கிவிட, மருந்து மட்டும் நேரம் தவறாமல் வேலை செய்துவிட்டது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. நான் கணக்குத் தவறிச் சாப்பிடுவதாகவே வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

எண்டோஸ்கோப்பி செய்தார்கள். இரைப்பையின் வாயிலில் கட்டியோ புண்ணோ அடைப்போ இல்லை. ஆனால் முந்தைய இரவு எட்டு மணிக்குப் பிறகு எதுவும் உண்ணாத என் வயிற்றில் சோற்றுப் பருக்கைகள் கிடந்தன. அடைப்பு இல்லாமலேயே இரைப்பை மெதுவாகக் காலியாகும் இந்த நிலைக்குக் காஸ்ட்ரோபரேசிஸ் என்று பெயர். தமிழில் இரைப்பை வாதம் என்றும் இரைப்பை மந்தம் என்றும் எழுதுகிறார்கள். நீண்ட காலச் சர்க்கரை நோய், இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பையும் இரைப்பைச் சுவரில் இருந்துகொண்டு தசைகளுக்குத் தாளம் போடும் செல்களையும் பழுதாக்குவதால் இது வரலாம். வயிற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் வரலாம். காரணமே தெரியாமல் வருவதும் நிறைய உண்டு. எண்டோஸ்கோப்பியில் சோறு தெரிந்தது சந்தேகத்துக்குப் போதும். உறுதி செய்ய, உணவு எவ்வளவு நேரத்தில் நகர்கிறது என்று அளந்தாக வேண்டும். அதற்கான ஸ்கேன், சிறிதளவு கதிரியக்கப் பொருளை உடலுக்குள் அனுப்பிப் படமெடுக்கும் அணு மருத்துவப் பிரிவு உள்ள இடங்களில் மட்டுமே கிடைக்கும்.

முதல் மையம் பார்ப்பதற்குப் பளபளப்பாக இருந்தது. வரவேற்பறையில் குளிரூட்டி, சுவரில் மீன் தொட்டி, கையில் ஒரு டோக்கன். உள்ளே அழைத்து, கதிரியக்கப் பொருள் கலந்த ஏதோ ஒரு பழரசத்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். தொண்ணூறு நிமிடங்கள் படம் எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலையே அறிக்கை வந்தது: இரைப்பை இயல்பாகக் காலியாகிறது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அன்று காலைகூட நான் டொம்பெரிடோன் போட்டுக்கொண்டுதான் சென்றிருந்தேன். இரைப்பையை விரைவுபடுத்தும் மாத்திரையை விழுங்கிவிட்டு இரைப்பையின் வேகத்தை அளப்பது, காய்ச்சல் மாத்திரை போட்ட கையோடு தெர்மாமீட்டர் வைப்பதற்குச் சமம்.

அதைவிடப் பெரிய பிழை அந்தப் பழரசம். திரவம் வெளியேறுவதற்கு இரைப்பை அதிகம் உழைக்க வேண்டியதில்லை. மேற்பகுதியின் அழுத்தமே அதைக் கீழே தள்ளிவிடும். திட உணவை அப்படித் தள்ள முடியாது. இரைப்பையின் கீழ்ப்பகுதி அதை மாவாட்டுவது போல அரைத்து, ஓரிரு மில்லிமீட்டர் துகள்களாக்கிய பிறகே இரைப்பையின் கீழ்வாசல் வழிவிடும். என் போன்றவர்களுக்குக் கெட்டுப்போயிருப்பது இந்த அரைவை. அதனால் திட உணவு தேங்கும் ஒருவருக்கும் திரவம் இயல்பாக இறங்கிவிடக்கூடும். கல் ஓடாத கிரைண்டரில் தண்ணீரை ஊற்றிவிட்டு, கீழே ஒழுகுகிறது, கிரைண்டர் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தால் எப்படி இருக்கும்? அந்த அறிக்கையைப் பார்த்த ஒரு மருத்துவர், எல்லாம் மனக்கவலைதான் என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த ஓராண்டில் ஒன்பது கிலோ குறைந்தேன்.

இரண்டாம் மையத்துக்கு என்னை அனுப்பியவர் ஒரு குடல் நோய் நிபுணர். பழைய அறிக்கையில் "90 நிமிடம்" என்ற சொல்லைக் கண்டவுடனேயே அதை மடித்து வைத்துவிட்டார். இந்த மையத்தின் வரவேற்பறையில் மீன் தொட்டி இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமச் சான்றும், கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று மூன்று மொழிகளில் எழுதிய பலகையும் இருந்தன. ஆனால் முன்பதிவுக்கு அழைத்த நாளிலேயே அவர்கள் தரம் தெரிந்துவிட்டது. தொலைபேசியில் பேசிய பெண் என் மாத்திரைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். டொம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைட், லெவோசல்பிரைடு போன்றவை வேகத்தைக் கூட்டும். டிராமடால் வகை வலி மாத்திரைகளும் வயிற்றுப் பிடிப்புக்குத் தரும் டைசைக்ளோமினும் வேகத்தைக் குறைக்கும். எனவே இவற்றை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்றார். உடல் எடைக்காகவோ சர்க்கரைக்காகவோ வாரம் ஒருமுறை ஊசி போடுகிறேனா என்றும் கேட்டார். செமாகுளூடைடு போன்ற அந்த ஊசிகள் தாமே இரைப்பையை மந்தப்படுத்துபவை. வார ஊசியின் வேகம் இரண்டு நாளில் தணியாது என்பதால் அதை எப்போது நிறுத்துவது என்பது மருத்துவரோடு தனியாகப் பேச வேண்டிய விஷயம். இரவு முழுவதும் பட்டினி, அன்று புகை பிடிக்கக் கூடாது, இன்சுலினையும் குளுக்கோமீட்டரையும் கையோடு கொண்டுவர வேண்டும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், துணைக்கு ஒருவர் வந்தால் நல்லது. இத்தனையும் ஒரே அழைப்பில்.

காலை எட்டு மணிக்கு முதலில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். 214 இருந்தது. 275க்கு மேல் இருந்தால் இன்று வேண்டாம், வேறொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்களாம். ஏனெனில் உயர்ந்த சர்க்கரை தானே இரைப்பையை மெதுவாக்கும், அப்போது நோயை அளக்கிறோமா அன்றைய சர்க்கரையை அளக்கிறோமா என்று பிரித்தறிய முடியாது. அமெரிக்க நரம்பு இரைப்பைக் குடலியல் சங்கமும் அணு மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஒருமித்த வழிகாட்டுதலைத்தான் இந்த மையம் பின்பற்றுகிறது. அன்று எனக்குக் கிடைத்த காலை உணவும் அதன்படியே: இரண்டு முட்டை அளவுள்ள வெள்ளைக் கரு, இரண்டு துண்டு வெள்ளை ரொட்டி, 30 கிராம் ஸ்ட்ராபெரி ஜாம், 120 மில்லிலிட்டர் தண்ணீர். ஏறத்தாழ 255 கலோரி, கொழுப்பு மிகக் குறைவு. டெக்னீசியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருளை வெள்ளைக் கருவில் கலந்து வேகவைப்பதால், அது கருவோடு கெட்டியாகப் பிணைந்துகொண்டு உணவு போகும் இடமெல்லாம் கூடவே போகிறது. வெந்த பிறகு மேலே தூவினால் அது உதிர்ந்து தண்ணீரோடு ஓடிவிடும். படம் திடத்தைக் காட்டாமல் திரவத்தையே காட்டும்.

பதினேழு ஆண்டுகளுக்கு மேலாக என் வீட்டில் எனக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டிருந்த ஜாமை ஒரு மருத்துவமனை ஊழியர் கரண்டியில் எடுத்து ரொட்டியில் தடவிக் கொடுத்ததைப் பார்த்து, துணைக்கு வந்திருந்த என் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். "அவசரப்படாதீங்க சார், ஆனா பத்து நிமிசத்துக்குள்ள முடிச்சிருங்க" என்றார் அந்த ஊழியர். இரண்டு வாயிலேயே வயிறு நிரம்பிவிடும் ஒருவருக்கு அந்தப் பத்து நிமிடம் ஒரு தேர்வுதான். பாதியில் நிறுத்தினாலோ வாந்தி எடுத்தாலோ அதை அறிக்கையில் குறித்துக்கொள்வார்கள், கணக்கும் அதற்கேற்ப ஐயத்துக்குரியதாகும். நான் ஒன்பதாவது நிமிடத்தில் முடித்தேன். சாப்பாட்டோடு எவ்வளவு இன்சுலின் போட வேண்டும் என்பதை என் மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மையார் முட்டை உண்ணாதவர். அவருக்குக் கதிரியக்கப் பொருள் கலந்த மாவில் வெந்த இட்லி வந்தது. சட்னி கிடையாது, மிளகாய்ப்பொடி கிடையாது, நல்லெண்ணெயும் கிடையாது. இட்லி நல்ல மாற்றுதான். ஆவியில் வெந்தது, கொழுப்பு குறைந்தது, நம் வயிற்றுக்குப் பழகியது. ஆனால் முட்டை ரொட்டிக்கான இயல்பு எண்களை இட்லிக்கு அப்படியே பொருத்த முடியாது. இட்லி தருகிறோம் என்று சொல்லும் மையத்தில், எந்த இயல்பு அளவோடு ஒப்பிடுகிறீர்கள் என்று கேட்பது அவசியம். இந்த மையத்தில் இட்லிக்குத் தனி அட்டவணை வைத்திருந்தார்கள்.

படம் எடுப்பது ஒன்றும் வேதனை இல்லை. உண்டவுடன் ஒன்று, பிறகு ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி நேரத்தில் ஒவ்வொன்று. கேமராவின் முன் ஒரு நிமிடம் நின்றால் முன்னிருந்தும் பின்னிருந்தும் கதிர்களை எண்ணிக்கொள்ளும். உணவு இரைப்பையின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு நகரும்போது ஒரு பக்கத்துக் கணக்கு மட்டும் ஏமாற்றிவிடும் என்பதால் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிறார்கள். கணக்கு ஆசிரியனான எனக்கு அந்த நான்கு மணி நேரத்தில் கிடைத்த ஒரே மகிழ்ச்சி இந்தப் பெருக்கல் சராசரிதான். கதிரியக்கம் என்றவுடன் எழும் அச்சத்துக்கும் ஒரு வார்த்தை: டெக்னீசியத்தின் அரை ஆயுள் ஆறு மணி நேரம், இந்தப் பரிசோதனையில் உடல் பெறும் அளவு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஓராண்டில் நமக்கு இயல்பாகக் கிடைக்கும் அளவைவிடக் குறைவு. இயற்கையிலேயே கதிரியக்கம் மிகுந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மேல் வாழ்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும்.

இனி குறைகள். நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டியவர்களுக்கு அந்த நாற்காலிகள் கொடுமை. உண்ட பிறகு நடந்தால் உணவு விரைவாக இறங்கும் என்பதால் அதிகம் நடக்க விடமாட்டார்கள், படுக்கவும் விடமாட்டார்கள். அதே தளத்தில் இருந்த உணவகத்திலிருந்து பதினொரு மணிக்கு வெங்காயம் வதக்கும் வாசனை வர, குமட்டலோடு போராடிக்கொண்டிருக்கும் எங்கள் வரிசையில் இருவர் கழிவறைக்கு ஓடினார்கள். இரண்டு மணிப் படத்துக்கும் நான்கு மணிப் படத்துக்கும் நடுவே எங்களைக் கவனிக்க யாரும் வரவில்லை. எனக்குச் சர்க்கரை இறங்குகிறதா என்று பார்த்தது என் மனைவிதான். கட்டணம் ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் மையமும் ஏறத்தாழ இதையே வாங்கியது என்பது நினைக்கும்போதெல்லாம் எரிச்சல் தருகிறது. உள்நோயாளியாகச் சேராததால் என் காப்பீட்டில் ஒரு ரூபாயும் திரும்பவில்லை.

அறிக்கை மறுநாள் கிடைத்தது. இரண்டு மணி நேர முடிவில் என் இரைப்பையில் 71 விழுக்காடு உணவு மிச்சம், நான்கு மணி நேர முடிவில் 34. இரண்டு மணி நேர முடிவில் 60க்கு மேலோ நான்கு மணி நேர முடிவில் 10க்கு மேலோ மிச்சமிருந்தால் அது தாமதம். நான்கு மணிக் கணக்கில் 11 முதல் 20 வரை லேசானது, 35 வரை நடுத்தரம், 50 வரை கடுமையானது, அதற்கு மேல் மிகக் கடுமையானது. இரண்டு மணியில் இயல்பாகத் தெரிந்துவிட்டு நான்கு மணியில் பிடிபடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனவே நான்காவது மணிப் படம் எடுக்காத மையத்துக்குச் செல்வது, முதல் பாதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வெற்றி யாருக்கு என்று எழுதுவது போன்றது. இந்த அறிக்கையில் எண்களும், என்ன உணவு, எத்தனை நிமிடத்தில் உண்டேன், அன்றைய சர்க்கரை எவ்வளவு என்ற விவரங்களும் இருந்தன. இனி எப்படிச் சாப்பிடுவது என்று சொல்ல மட்டும் ஆளில்லை. அத்தனை பெரிய வளாகத்தில் ஓர் உணவியல் நிபுணரிடம் ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருக்கலாம்.

அந்த இடைவெளியை நான் வெளியே நிரப்பிக்கொண்டேன். சர்க்கரை நோயாளிக்கு ஊரெல்லாம் சொல்லும் அறிவுரை, நார்ச்சத்து அதிகம் சாப்பிடு, சிறுதானியம் சாப்பிடு, பச்சைக் காய்கறி சாப்பிடு என்பது. இரைப்பை மந்தம் வந்துவிட்டால் அந்த அறிவுரை தலைகீழாகிறது. வாழைத்தண்டு, கொத்தவரங்காய், பனங்கிழங்கு, சுளையோடு விழுங்கும் ஆரஞ்சு ஆகியவற்றின் நார் அரைபடாமல் இரைப்பையில் திரண்டு உருண்டையாகிவிடும் அபாயம் உண்டு. கொழுப்பும் வேகத்தைக் குறைக்கும் என்பதால் பூரியும் தேங்காய்ப்பால் குழம்பும் போயின. ஸ்வீடனில் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி 2014இல் வெளியான ஓர் ஆய்வு, உணவைச் சிறு துகளாக்கி உண்டவர்களுக்குக் குமட்டலும் வாந்தியும் வயிற்று உப்பசமும் குறைந்ததைக் காட்டியது. எங்கள் வீட்டில் அந்த வேலையை மிக்ஸியும் வடிகட்டியும் செய்கின்றன: குழைய வேகவைத்த கஞ்சி, மசித்து வடிகட்டிய கீரை, தோலும் விதையும் நீக்கிய சுரைக்காய், சக்கையை ஒதுக்கி வழித்தெடுத்த முருங்கைக்காய்ச் சதை, மிளகு குறைத்த ரசம். மூன்று வேளைச் சாப்பாடு ஆறு சிறு வேளைகளாகியது, இரவு உணவு பெரும்பாலும் திரவம். இன்சுலினைச் சாப்பிடும் முன் போடுவதை மருத்துவர் நிறுத்தி, விரைவாக வேலை செய்யும் வகையைச் சாப்பிட்ட உடனே போடும்படி மாற்றினார். அந்த ஒரு மாற்றத்தில் பத்தரை மணி நடுக்கம் நின்றது. டொம்பெரிடோனைத் தொடரும் முன் இசிஜி எடுத்தார்; அது இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடியது. மெட்டோகுளோபிரமைடை மூன்று மாதத்துக்கு மேல் நீட்டினால் முகத் தசைகள் கட்டுப்பாடின்றி அசையும் பாதிப்பு நிலைத்துவிடலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2009இல் கடும் எச்சரிக்கை விடுத்திருப்பதையும் அவரே சொன்னார்.

இந்தப் பரிசோதனையிடம் அது தர முடியாததை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எண்ணுக்கும் அவதிக்கும் நேர்க்கோட்டு உறவு கிடையாது. 15 விழுக்காடு மிச்சமுள்ளவர் நாள்தோறும் வாந்தி எடுக்கலாம், 40 உள்ளவர் ஏப்பத்தோடு தப்பிக்கலாம். 2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரைப்பை மந்தம் என்று உறுதியானவர்களில் பத்துக்கு நான்கு பேர் ஓராண்டுக்குப் பின் அதே ஸ்கேனில் இயல்பாகத் தெரிந்தார்கள், அவர்களுடைய தொல்லைகளோ பெரிதாக மாறவில்லை. எனவே லேசான அஜீரணத்துக்கெல்லாம் இந்தச் செலவு தேவையில்லை. எண்டோஸ்கோப்பியில் அடைப்பில்லை என்று தெரிந்த பிறகும் குமட்டலும் வாந்தியும் விடாதவர்கள், குறிப்பாக இன்சுலின் போட்டும் சர்க்கரை அளவு காரணம் புரியாமல் ஏறி இறங்குகிறவர்கள், தங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம். முன்பதிவுக்கு முன் மையத்திடம் கேட்க வேண்டியவை: திட உணவா, நான்காவது மணிப் படம் உண்டா, எந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டும், இட்லி என்றால் அதன் இயல்பு அளவு எது. பதில் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

ஓராண்டு கழித்து அதே மையத்துக்கு மறுபடியும் சென்றேன். உணவகத்தை வேறு தளத்துக்கு மாற்றியிருந்தார்கள், நாற்காலிகள் அப்படியே இருந்தன. இம்முறை நான்கு மணிக் கணக்கு 18. சாப்பிடும் முன், எனக்கும் இட்லி கிடைக்குமா என்று கேட்டேன். "பழைய படத்தோட ஒப்பிடணும்னா பழைய சாப்பாடுதான் சார் சாப்பிடணும்" என்று சொல்லி, அதே ஊழியர் ரொட்டியில் ஜாமைத் தடவத் தொடங்கினார்.